தின்ன வயிறு

எங்கள் ஊரில் கோழி காணாமல் போனால் யாரும் போலீசுக்குப் போக மாட்டார்கள். பாக்கியத்திடம் போவார்கள். போலீசுக்குப் போனால் இருக்கிற கோழியும் போய்விடும் என்பது பெரியவர்கள் வாக்கு. பாக்கியத்திடம் போனால் போன கோழி வந்துவிடும்.

வழி எளிமையானது. பாக்கியம் மாதா கோயில் முக்கில் நின்று முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவாள். அங்கிருந்து ஏரிக்கரைப் புளியமரம் வரை நடந்து திரும்பி வருவாள். போகும்போதும் வரும்போதும் திருடியவரை ஏசுவாள். இதில் ஒரே ஒரு விதிதான் உண்டு. பேர் சொல்லக் கூடாது. பேர் சொன்னால் அது சண்டை, சொல்லாவிட்டால் அது நியாயம். இது எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் மற்ற ஊர்களில் கோழியைப் பறிகொடுத்தவளே ஏசிக்கொள்வாள். எங்கள் ஊரில் மட்டும் அதற்கென்று ஓர் ஆள் வாய்த்திருந்தது.

"எவன் புடிச்சானோ, எவ தின்னாளோ! புடிச்ச கை அழுவிப் போவ! தின்ன வயிறு வெளங்காம போவ! அவ வூட்டு அடுப்புல பூன படுக்க!"

இது பல்லவி. இதற்குப் பிறகு வருவதெல்லாம் அன்றன்றைக்கு வாயில் வருவது. அதை நான் எழுதினால் இதை யாரும் அச்சடிக்க மாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் கோழி, கால் கட்டிய நிலையில், பறிகொடுத்தவள் வாசலில் கிடக்கும். ஒருமுறை ரங்கம்மாளின் குண்டானுக்காக ஏசியதில் குண்டானோடு, யாரும் கேட்காத ஒரு மண்வெட்டியும் வந்து சேர்ந்தது. இதற்கெல்லாம் பாக்கியம் ஒரு வெற்றிலைகூட வாங்கியதில்லை. தர்மமாகத்தான் ஏசினாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு ஜில்லாவில் ஒரு தாலுகா. சங்கராபுரத்திலிருந்து மலையடிவாரத்துக்கு வரும் பஸ், வந்தால் வரும். நான் அந்த மாதா கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தேன். மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பூசைக்கு வராதவர்களைப் பற்றிச் சாமியாரிடம் சொல்லாமல் இருப்பது, இவை என் வேலை.

பாக்கியத்துக்கு அப்போது நாற்பதுக்கு மேல். கரும்பு வெட்டப் போவாள், களை எடுக்கப் போவாள், மாசி பங்குனியில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் புளியைத் தட்டிக் கொட்டை எடுப்பாள். புருஷன் சிங்கராயர் அதிகம் பேச மாட்டார். கல்யாணத்துக்கு முன்பு பேசிக்கொண்டிருந்தவர் என்று அவருடைய தம்பி சொல்லிக் கேள்வி. அவருக்கு ஒரு பக்கத்துக் காது மந்தம். எந்தப் பக்கம் பாக்கியம் படுப்பாள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை. மகன் அந்தோணிதாஸ் அப்பனையே கொண்டு பிறந்திருந்தான். மருமகள் பாத்திமா மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் கூலிக்குப் போய்க் குடியேறிய ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அவள் பேசுவது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். அந்த வீட்டில் பேச்சு மொத்தமும் ஒருத்தியிடமே போய்ச் சேர்ந்திருந்தது.

இத்தனைக்கும் பாக்கியம் பக்தியுள்ளவள். சனிக்கிழமை தோறும், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்துவிடுவாள். அவள் ரகசியம் பேசினால் கோயிலின் கடைசித் தூண் வரை கேட்கும். ஆகவே நான் இப்போது சொல்வது எதுவும் பாவசங்கீர்த்தன ரகசியத்தை உடைத்தது ஆகாது. ஊரே கேட்டது.

"ஏசுனேன் சாமி."

"போன வாரமும் அதான சொன்னீங்க?"

"அது போன வாரத்து ஏச்சு சாமி."

சாமியார் முதலில் அபராதமாக அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பிறகு முழு செபமாலை. பிறகு சிலுவைப் பாதை. அபராதம் ஏற ஏற ஏச்சும் ஏறியது. அவள் முயலாமல் இல்லை. வாய் நிறைய வெற்றிலை போட்டு அடக்கிப் பார்த்தாள். அன்றைக்கு எதிரில் வந்தவர்கள் வேட்டியெல்லாம் சிவப்பானது. வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டு, "மாதாவே, இந்த நாக்க நீயே வச்சிக்கோ" என்று அழுதுவிட்டு வந்தாள். வருகிற வழியில் பஸ் கண்டக்டரோடு தகராறு. மொட்டைத் தலையோடு ஏசியது இன்னும் கம்பீரமாக இருந்தது என்று சிங்கராயர் என்னிடம் சொன்னார். அந்த வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

அந்த வருஷம், ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தில் பாக்கியம் கடைசி முயற்சியாக ஒரு பொருத்தனை செய்தாள். நாற்பது நாளும் ஏசுவதில்லை. நாற்பது நாளும் வீட்டில் கறி மீன் முட்டை கிடையாது. தாளிக்க எண்ணெயும் கிடையாது. திருச்சபை கேட்டது வெள்ளிக்கிழமை கறி தவிர்க்கும் சுத்தபோசனமும், இரண்டு நாள் ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தியும்தான். பாக்கியம் திருச்சபைக்கு மேல் ஒரு படி ஏறி நின்றாள். குழந்தைகள், வயசானவர்கள், நோயாளிகள், பிள்ளைத்தாய்ச்சிகள் இவர்களுக்குக் கட்டாயமில்லை என்று, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று சாமியார் வாசித்தார். பாத்திமா அப்போது ஆறு மாதம். அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாக்கியம் முதல் மூன்று வாரமும் ஏசவில்லை. நாலாவது வாரம் தொடங்கியும் ஏசவில்லை. ஊரில் இரண்டு கோழிகள் போய் வராமலே போயின. அவளைப் பார்த்தால் உலை கொதிக்கிற பானையை மூடி போட்டுக் கெட்டியாகப் பிடித்திருப்பது போல இருக்கும். ஆனால் பிடித்திருந்தாள். எனக்கே அவள்மேல் மரியாதை வந்தது.

எதிர்வீட்டுத் தைலம்மாளிடம் ஒரு சேவல் இருந்தது. தைலம்மாள் கிறிஸ்தவள் இல்லை. புருஷன் இல்லாதவள். பாக்கியத்தோடு சேர்ந்து கூலிக்குப் போவாள். அவளுடைய சொத்து ஓர் ஆடு, சில கோழிகள், இந்தச் சேவல். செவலைச் சேவல், நல்ல எடை. விடிகாலையில் அது கூவித்தான் பாக்கியம் எழுந்து செபம் சொல்வாள். ஒருநாள் அது கூவவில்லை. பாக்கியம் வெயில் வந்த பிறகு எழுந்தாள். பூசை போயிற்று. தவக்காலத்துப் பூசை.

நேரே எதிர்வீட்டுக்குப் போனாள். தைலம்மாள் புளி தட்டிக்கொண்டிருந்தாள்.

"தைலா, சேவ எங்க?"

"தெரிலக்கா. காணம்."

"காணம்னா? எவ புடிச்சா?"

"போனா போவுதுக்கா. வுடு."

தைலம்மாள் சொன்னது இவ்வளவுதான். பாக்கியம் நடுப்பகல் வரை இதை யோசித்தாள். தன் கோழிக்காக ஏசினால் அது கோபம், பாவம். ஓர் ஏழை விதவையின் சேவலுக்காக, அவளே வாய் திறக்கப் பயப்படும்போது, ஏசினால் அது பிறர் சிநேகம் அல்லவா? திருச்சபை சொல்லும் இரக்கச் செயல்களில் ஒன்றாகக்கூட அது இருக்கலாம். இப்படி யோசித்து முடிப்பதற்குள் முந்தானை இடுப்பில் ஏறியிருந்தது.

நான் நடுப்பகல் மணி அடிக்கக் கயிற்றைக் கையில் பிடித்திருந்தேன். மணி அடிக்க மறந்து நின்றேன். நாலு வாரத்துக்குச் சேர்ந்தது அன்றைக்கு வந்தது. பல்லவி முடிந்ததும் புதிதாக ஒன்று சொன்னாள். "தின்ன வயித்துல ஒரு புழு பூச்சி தங்காம போவ!" தைலம்மாள் இரண்டு தடவை வாசலுக்கு வந்து "வுடுக்கா, வுடுக்கா" என்றாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துப் பாக்கியம் இன்னும் ஒரு சுற்று கூடுதலாகப் போனாள்.

அன்று மாலை சேவல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பாக்கியத்தின் அனுபவத்தில் இது முதல் தோல்வி. பொருத்தனையும் போய், சேவலும் வராமல், அவள் ஆளே சோர்ந்துபோனாள். வீட்டில் பாத்திமா கஞ்சியைக் கீழே வைத்ததை அவள் கவனிக்கவில்லை.

பாத்திமா அதற்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை. வற்புறுத்திக் கொடுத்தால் வாந்தி எடுத்தாள். அந்த வாரக் கடைசியில் தண்ணீர்க் குடத்தோடு தெருவில் விழுந்தாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, பட்டினிதான், இப்படியே கிடந்தால் வயிற்றுப் பிள்ளை தங்காது என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றினார்.

டாக்டரம்மா போன பிறகு பாக்கியம் ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"துன்னு கண்ணு. இன்னா ஆச்சி ஒனக்கு?"

"எது குடுத்தாலும் நிக்காது அத்தே."

"ஏன் நிக்காது?"

"நீங்க சொன்ன வயிறு இதான்."

பாக்கியத்துக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மகனைப் பார்த்தாள். அந்தோணிதாஸ் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் துணி சுற்றியிருந்தது. அம்மா ஏசிய அன்று மத்தியானம் கரும்பு வெட்டும்போது கத்தி பட்டிருந்தது. சின்னக் காயம்தான். ஆனால் பாத்திமாவுக்கு அது போதுமாயிருந்தது. பிடித்த கைக்கு வந்துவிட்டது, இனி தின்ன வயிற்றுக்கு வர வேண்டியதுதான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

நடந்தது இது. ஊர் முழுக்கப் புளி வாடை. பாத்திமாவுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டல். கோழிக்கறி ஒன்றுதான் நினைப்பில் நின்றது. மாமியாரிடம் நேராகக் கேட்கப் பயம். "தைலம்மா வூட்டு சேவ நல்லா கொழுத்துக்கினு இருக்குது அத்தே" என்று மட்டும் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். "ஆண்டவரு நாப்பது நாளு பட்டினி கெடந்தாரு. ஒனக்கு சேவ கேக்குதா?" என்று பாக்கியம் சொன்னாள். ஏசவில்லை, சும்மாதான் சொன்னாள். அதற்குப் பிறகு பாத்திமா கேட்கவில்லை. அந்தோணிதாஸ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். கரும்புக் கொல்லை ஓரத்தில் காய்ந்த சோகைத் தழையை மூட்டிச் சேவலைச் சுட்டு, தண்ணீருக்கு வருவது போல வந்த பெண்டாட்டிக்குக் கொடுத்தான். அவன் ஒரு துண்டும் தின்னவில்லை. தவக்காலமாம்.

செய்தி கேட்டுச் சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்தார். பாத்திமாவின் தலையில் கை வைத்துச் செபித்தார்.

"சாபமெல்லாம் ஒண்ணும் பண்ணாதும்மா. கடவுள் அதையெல்லாம் காதுல வாங்க மாட்டார். நீ தைரியமா சாப்பிடு."

"அப்ப ரங்கம்மா வூட்டு குண்டான் எப்படி சாமி திரும்பி வந்துச்சி?" என்றாள் பாத்திமா.

சாமியார் எழுந்துகொண்டார். எட்டு வருஷம் படித்துக் குருப்பட்டம் வாங்கியவர்தான். வெளியே வந்து பாக்கியத்தைக் கூப்பிட்டார்.

"பிள்ளைத்தாய்ச்சிக்குக் கட்டாயம் இல்லைன்னு நான் கோயில்ல வாசிச்சேனே, கேக்கலையா?"

"கேட்டேன் சாமி. அது முடியாதவங்களுக்குன்னு நெனச்சேன். எங்க வூட்டுல எல்லாரும் முடிஞ்சவங்கன்னு நெனச்சிக்கினேன்."

சொல்லிவிட்டு அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாமியார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"எனக்கு பாவமன்னிப்பு குடுங்க சாமி. எந்த அபராதம் சொன்னாலும் செய்றேன். முட்டிபோட்டு மல ஏறுறேன்."

"குடுக்கலாம். ஆனா சேவல் என்னுது இல்லையேம்மா. முதல்ல சேவக்காரிகிட்ட போயிட்டு வாங்க."

பாக்கியத்துக்கு இதைவிட மலை ஏறுவது சுலபம். போய்ச் சொன்னால் பெற்ற மகன் கோழித் திருடன் என்று தன் வாயாலேயே சொன்னதாகும். சொல்லாவிட்டால் மருமகள் சாப்பிட மாட்டாள். ஊர் நம்பிக்கையில் இதற்கு வேறு வழியும் இல்லை. பொருளைப் பறிகொடுத்தவள் 'எனக்கு வயித்தெரிச்சல் இல்லை' என்று சொன்னால்தான் ஏச்சு இறங்கும். பாக்கியம் பஸ் ஏறினாள். பழைய தகராறுக் கண்டக்டர்தான் அன்றைக்கும் வந்தான். இவள் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்து, "உடம்புக்கு முடிலையாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டானாம்.

அன்றைக்கு வியாழக்கிழமை. நான் கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பாக்கியம் இறங்கி நேரே தைலம்மாள் வாசலுக்குப் போய் நின்றாள். தைலம்மாள் புளியும் கையுமாக நிமிர்ந்து பார்த்தாள்.

பாக்கியம் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவள் கடவுளிடம் தவிர வேறு யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகியதில்லை. கடவுளிடம் கேட்பதற்குச் செபப் புத்தகத்தில் வார்த்தை எழுதி வைத்திருக்கிறார்கள். தைலம்மாளிடம் கேட்பதற்கு யாரும் எழுதி வைக்கவில்லை. திறந்த வாய் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் போயிற்று. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பாக்கியம்னு ஒருத்தி கீறாளே!"

தெருவே வெளியே வந்துவிட்டது. முதல் தடவையாக ஏச்சில் ஒரு பேர் வந்திருக்கிறது. அதுவும் இந்தப் பேர்.

"அவ நாக்கு அழுவிப் போவ! அவ வாயில புழு வைக்க! புடிச்ச கை எம்புள்ள கை! தின்ன வயிறு எம்மருமவ வயிறு! கறி ஆக்கிப் போடாத கை இந்தக் கை! ஏசுன வாயி இந்த வாயி! எல்லாம் ஒரே வூடு! அந்த வூட்டு அடுப்புல பூன படுத்தாச்சி, இன்னும் எவ இன்னா சொல்லணும்!"

நான் அவள் ஏசிக் கேட்டதில் அதுதான் உச்சம். கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

தைலம்மாள் எழுந்து ஓடிவந்தாள். புளி ஒட்டியிருந்த கையால் பாக்கியத்தின் வாயைப் பொத்தினாள். பொத்திய கையை எடுக்காமலே பேசினாள்.

"அந்தோணி எடுத்துக்கினு போனத நான் பாத்தேன்க்கா."

பாக்கியம் கண்ணை அகல விரித்தாள்.

"துண்டுல சுத்தி அக்குள்ள வச்சிக்கினு போச்சி. சேவ வாலு வெளிய தெரிஞ்சிது. புள்ளத்தாச்சிக்குத்தான் போவுதுன்னு எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தா நானே அறுத்துக் குடுத்திருப்பேன். கேக்க வெக்கம், பாவம். அப்பவே மனசுல குடுத்துட்டேன். குடுத்த பொருளு எப்படிக்கா திருட்டாவும்?"

கை எடுக்கப்பட்டது. பாக்கியத்தின் உதட்டைச் சுற்றிப் புளி.

"நான் ஏசறப்பவே இத சொல்றதுக்கு இன்னாடீ ஒனக்கு?"

"வுடு வுடுன்னு சொன்னேனேக்கா. நீ எங்க வுட்ட? அதுக்கு மேல சொன்னா ஒம்புள்ள பேரு தெருவுல வந்துடும். அதான் சும்மா இருந்துட்டேன்."

பாக்கியம் அப்படியே புளி ஓட்டுக் குவியல்மேல் உட்கார்ந்தாள். அழுதாள். சத்தமில்லாமல் அழுதாள். அவளிடமிருந்து சத்தமில்லாமல் ஒன்று வந்து நாங்கள் பார்த்தது அன்றுதான். அவள் கேட்பதற்கு முன்பே, ஏசுவதற்கு முன்பே, மகன் கொல்லையைத் தாண்டுவதற்கு முன்பே, காரியம் மன்னிக்கப்பட்டு முடிந்திருக்கிறது. இவள்தான் தெரியாமல் அதன்மேல் நின்று கத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் விடிந்ததும் தைலம்மாள் முட்டையிடுகிற கோழி ஒன்றைப் பிடித்து அறுத்தாள். பாக்கியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உட்கார்ந்து மசாலா அரைத்துக் கொடுத்தாள். எண்ணெய் விட்டுத் தாளித்தார்கள். சோறும் குழம்புமாகத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு இருவரும் பஸ் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரியில் தைலம்மாள் பாத்திமா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தாம்மே, நீ தின்னது நான் குடுத்த சேவ. எனக்கு ஒரு வயித்தெரிச்சலும் இல்ல. முனியப்பன் மேல சத்தியம்."

பாத்திமா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். முதல் உருண்டையைக் கையில் வாங்காமல் வாயாலேயே வாங்கிக்கொண்டாள் பாத்திமா. எல்லோரும் காத்திருந்தார்கள். அது உள்ளே நின்றது.

பக்கத்துக் கட்டிலில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் மூக்கைச் சுளித்தாள்.

"வெள்ளிக்கெழம. அதுவும் தவசு நாளு. கோழிக் கொழம்பா? நீங்கள்லாம் வேதக்காரங்கதானா?"

அந்தோணிதாஸ் எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தான். சிங்கராயர் மந்தமில்லாத காதில் கையை வைத்துக்கொண்டார். பாக்கியம் திரும்பினாள். வாயைத் திறந்தாள். எல்லோருக்கும் தெரிந்தது, வரப்போகிறது என்று.

"ஆமாங்கம்மா. வெள்ளிக்கெழமதான்" என்றாள். அடுத்த உருண்டையை உருட்டினாள்.

ஆனி மாதம் பெண் பிள்ளை பிறந்தது. எலிசபெத் என்று ஞானஸ்நானம் ஆயிற்று. அது கோயிலுக்கு. வீட்டில் பாக்கியம் கூப்பிடுவது தைலா. ஞானஸ்நானத்தன்று தைலம்மாள் கோயில் வாசற்படியில் நின்றாள். உள்ளே வரக் கூப்பிட்டதற்கு, "இங்கேருந்தே நல்லாத்தான் தெரியுது" என்றாள். பூசை முடிந்ததும் பிள்ளையை முதலில் அவள் கையில்தான் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு பாக்கியம் ஏசவில்லை. இதனால் ஊருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. ரங்கம்மாள் ஒரு தவலையைப் பறிகொடுத்துவிட்டு வந்து கெஞ்சினாள். பாவம் என்று பாக்கியமும் முக்குவரை போனாள். முந்தானையைச் செருகினாள். நின்றாள். பிறகு முந்தானையை எடுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். "மாதா கோயில்ல ஏதோ பண்ணி வாயக் கட்டிட்டாங்க" என்று ரங்கம்மாள் ஊரெல்லாம் சொன்னாள். நாங்கள் ஒன்றும் பண்ணவில்லை. பல வருஷமாகப் பண்ணிப் பார்த்து நடக்காத காரியம் அது.

சனிக்கிழமைப் பாவசங்கீர்த்தனம் ஒன்றும் கடைசித் தூணுக்குக் கேட்டது.

"ஏச்சு இல்ல சாமி."

"நல்லதும்மா. எப்படி விட்டீங்க?"

"நான் வுடல சாமி. அதுவா போயிட்டுது. திரும்பி வந்துடுமோன்னுதான் பயமா கீது."

"வந்தா வாங்க. நான் இங்கதான் இருப்பேன்" என்றார் சாமியார்.

சில வருஷம் கழித்து, சாமியாரும் மாற்றலாகிப் போய், தைலம்மாளும் செத்து, எலிசபெத் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, பாக்கியத்தின் கோழியே காணாமல் போயிற்று. குஞ்சு பொரித்த கோழி. குஞ்சுகள் வாசலெல்லாம் கத்திக்கொண்டு திரிந்தன. செய்தி பரவியதும் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்து நின்றுவிட்டது. சொந்தக் கோழி, இப்போதாவது வரும் என்று ஓர் ஆசை. யார் என்ன சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும், நானும் நின்றேன்.

பாக்கியம் முக்குக்கு வந்தாள். முந்தானையைச் செருகினாள். தலை நரைத்திருந்தாலும் குரல் அப்படியே இருந்தது.

"எவன் புடிச்சானோ, எவ தின்னாளோ!"

தெரு ஓர் அடி முன்னால் வந்தது.

"குஞ்சிங்க தாயில்லாம கத்துதுங்க. இன்னும் கொழம்பாவலன்னா கொண்டாந்து வுட்டுடுங்க. ஆயிட்டுதுன்னா பரவால்ல. தின்ன வயிறு குளுந்து கெடக்கட்டும்!"

இதையே சொல்லிக்கொண்டு புளியமரம் வரை போய்த் திரும்பினாள். சில பேர் ஏமாற்றத்தோடு உள்ளே போனார்கள். கோழி அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. இந்த மாதிரிச் சொன்னால் எந்தத் திருடன் கொண்டுவந்து கொடுப்பான்?

அவள் என்னைத் தாண்டிப் போகும்போது நான் கேட்டேன்.

"இன்னாம்மா பாக்கியம், நெஜமாவே ஒனக்கு வயிறு எரியலையா?"

பாக்கியம் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எரியுது கோயில்புள்ள. ஏன் எரியாது? முட்ட வுடுற கோழி. எரியுது, தொண்ட வரைக்கும் வருது. வாயில வந்தா புளிக்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கத்துகிற குஞ்சுகளைக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.